மோடியும் களரியும்: மட்டக்களப்புக் கூத்தில் போட்டியும் கூட்டுழைப்பும்

1

கலை வரலாற்றை எழுதுவோர் போட்டியைக் கலைஞரின் தனிமனிதக் குணமாகவே பெரும்பாலும் நோக்கி வந்துள்ளனர். இருவர் போட்டியிட்டனர், ஒருவர் வென்றார், கலை வளர்ந்தது என்பதே அந்நோக்கின் சாரம். அப்போட்டி எத்தகைய சமூக உறவுகளுக்குள் நிகழ்ந்தது, அதற்கான செலவை ஏற்றவர் யாவர், வெற்றியின் பயன் எவரைச் சென்றடைந்தது என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. மட்டக்களப்புப் பிரதேசத்தின் வடமோடி, தென்மோடிக் கூத்து மரபுகளை முன்வைத்து இவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாவற்குடாவின் வாவிக்கரையில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு இப்பிரதேசத்தின் பொருளாதார அமைப்பு ஓரளவு கண்ணெதிரே புலப்படும். கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலம் எழுவான்கரை. வாவிக்கு அப்பால் நெல்வயல்கள் விரியும் நிலம் படுவான்கரை. வயலை உடைமையாகக் கொண்ட போடியார்களும், அவ்வயலில் உழைத்த வயற்காரர்களும், குடிமுறையாலும் சாதிமுறையாலும் வரையறுக்கப்பட்ட கடமைகளை உடைய ஏனையோரும் இவ்விரு கரைகளிலும் வாழ்ந்தனர். வேளாண்மை வெட்டி முடிந்த ஓய்வுக் காலமே கூத்தின் காலமாயிருந்தது. எனவே கூத்தை இந்த உற்பத்தி உறவுகளிலிருந்து பிரித்து, வெறும் ஆட்டமாகவும் பாட்டாகவும் ஆராய்வது முழுமையான ஆய்வாகாது.

2

வடமோடி, தென்மோடி ஆகிய இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுகளை அறிஞர் பலர் விளக்கியுள்ளனர். 1964 இல் வெளிவந்த வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’, பேராசிரியர் சு. வித்தியானந்தனின் ஆய்வுரைகள், 1998 இல் நூலுருப் பெற்ற சி. மௌனகுருவின் ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ ஆகியன இத்துறையில் முதன்மையானவை. வடமோடி பெரும்பாலும் பாரத, இராமாயணக் கதைகளையும் போரையும் பொருளாகக் கொள்வது. பாரமான முடியும் கரப்புடுப்பும் அதற்குரியவை. தென்மோடி காதலையும் கற்பனைக் கதைகளையும் மிகுதியாகக் கையாள்வது. உடை இலேசானது, ஆட்டம் நுணுக்கம் மிக்கது. சில ஊர்கள் ஒரு மோடியையே பேணின. வேறு சிலவற்றில் இரண்டும் ஆடப்பட்டன.

இவ்வேறுபாடே ஊர்களுக்கிடையிலான போட்டிக்கும் அண்ணாவிமாருக்கிடையிலான போட்டிக்கும் களமாயிற்று. எம்மோடி கடினமானது, எவர் மத்தளம் தெளிவானது, எவ்வூர்க் கொலுவரவு சிறந்தது என்னும் விவாதங்கள் கூத்து முடிந்த பின்னும் தொடர்ந்தன. ஆயின், போட்டியிட்ட இரு திறத்தாரும் ஒரே உற்பத்தி முறையைப் பகிர்ந்துகொண்டனர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. இரண்டுக்கும் களரி ஒன்றே: மண்ணால் உயர்த்தப்பட்ட வட்டக்களரி, சூழ இருக்கும் மக்கள், நடுவே மத்தளத்துடன் அண்ணாவியார், அவரோடு தாளமும் பிற்பாட்டுக்காரரும். படிமுறையும் ஒன்றே: சட்டங் கொடுத்தல், சதங்கை கட்டுதல், கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம், பின்னர் வீட்டுக்கு வீடு ஆடுதல்.

மாதக்கணக்கில் நீளும் இப்பயிற்சியை எந்தத் தனிமனிதரும் தம் செலவில் நடத்திவிட முடியாது. ஊர் கூடி முடிவெடுக்கவேண்டும். ஊர் கூடிச் செலவை ஏற்கவேண்டும். ஓர் ஊரின் அண்ணாவியார் அயலூருக்கு அழைக்கப்பட்டுக் கூத்துப் பழக்குவதும் வழக்கமாயிருந்தது. அவ்வாறு அவர் சென்றபோது தாளக்கட்டும் மெட்டும் ஆட்டக்கோலமும் அவரோடு சென்றன. போட்டி ஊர்களைப் பிரித்தது எனத் தோன்றினும், கலையறிவை ஊர்விட்டு ஊர் கொண்டுசென்ற வாய்க்காலும் அதுவே. தன் கூத்தை ஒப்பிட்டு நோக்க அயலூரான் ஒருவன் இல்லாதவிடத்து எந்த ஊரும் தன் கூத்தைச் செம்மைப்படுத்த முனைந்திராது.

இதே பிரதேசத்தில் கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டும் இதனைத் தெளிவுபடுத்தும். ஊர் வடசேரி, தென்சேரி என இரு கட்சிகளாகப் பிரியும். ஒன்று கோவலன் கட்சி, மற்றையது கண்ணகி கட்சி. வளைந்த கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பிணைத்து இரு புறமும் இழுப்பர். கொம்பு முறிந்த கட்சி தோற்றதாகும். வென்றோர் தோற்றோரைப் பழித்துப் பாடுவர். எனினும் மழை வேண்டியும் நோய் நீங்கவேண்டியும் நிகழ்த்தப்படும் இச்சடங்கின் பயன் இரு கட்சிக்கும் பொது. ஒரு கட்சி மட்டும் நின்று இதனை நிகழ்த்தவும் இயலாது. பெயரொற்றுமை கொண்டு சேரிகளுக்கும் மோடிகளுக்கும் தோற்றத் தொடர்பு கற்பிப்பது எமது கருத்தன்று. எதிர்நிலையைப் பொதுநலத்தின் ஒரு வடிவமாக அமைத்துக்கொள்ளும் பயிற்சி இச்சமூகத்துக்கு இருந்தது என்பதையே சுட்ட விழைகின்றோம்.

3

இந்நிலையை வேறொரு சமூக அமைப்பில் நிகழ்ந்த போட்டியோடு ஒப்பிடுவது பயனுடைத்து. ஐக்கிய அமெரிக்காவில் 1920களிலும் 1930களிலும் கறுப்பின மக்களின் ஜாஸ் இசை அயல் நகரங்களுக்கிடையிலான போட்டியினூடாகவே வளர்ந்தது. ஒக்லஹோமா சிற்றியைத் தளமாகக் கொண்ட ‘புளூ டெவில்ஸ்’ குழுவும், கான்சாஸ் சிற்றியில் பெனி மோட்டன் நடத்திய குழுவும் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள். வோல்ற்றர் பேஜ் தலைமையிலான முதலாவது குழு கூட்டுறவு முறையில் இயங்கியது. வருவாயை உறுப்பினர் பகிர்ந்துகொண்டனர். முடிவுகளை வாக்கெடுத்து மேற்கொண்டனர். மோட்டனின் குழுவுக்கோ இசைத்தட்டு ஒப்பந்தங்களும் நிலையான தொழில்வாய்ப்பும் இருந்தன.

இசையில் அஞ்சத்தக்க எதிரியாக விளங்கிய புளூ டெவில்ஸ் குழு ஊதியத்தின் முன் நிலைகொள்ள முடியவில்லை. 1929 முதல் கவுண்ட் பேசி, ஜிம்மி றஷிங் முதலியோர் ஒருவர்பின் ஒருவராக மோட்டனிடம் சென்றனர். இறுதியில் பேஜும் சென்றார். 1933 இல் அக்கூட்டுறவுக் குழு சிதைந்தது. ஆயினும் 1935 இல் மோட்டன் மறைந்தபின் பேசி அமைத்த புகழ்பெற்ற குழுவில் பேஜ், றஷிங், லெஸ்ரர் யங் ஆகிய பழைய புளூ டெவில்ஸ் கலைஞரே தூண்களாயினர். தோற்ற குழுவின் இசை, வென்ற குழுவின் உள்ளிருந்து வென்றது. ஆனால் வருவாயைப் பகிர்ந்துகொண்ட அந்த அமைப்பு மீளவில்லை.

இங்கு இன்னுமொன்றும் கவனித்தற்குரியது. வெள்ளையரின் இசைத்தொழிலாளர் சங்கம் தம்மை ஏற்காத நிலையில், கான்சாஸ் சிற்றியின் கறுப்பினக் கலைஞர் 1917 இல் 627 ஆம் இலக்கத் தனிக்கிளையை அமைத்தனர். 1970 இல்தான் இரு கிளைகளும் இணைந்தன. இரவில் ஒருவரையொருவர் இசையால் வெல்ல முயன்றவர்களே பகலில் ஒரே சங்கத்தின் உறுப்பினராயிருந்தனர். போட்டியும் கூட்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. கலைச் சாதனங்களும் அவற்றின் வருவாயும் எவர் கையில் உள்ளன என்பதே இரண்டின் உறவையும் தீர்மானிக்கின்றது.

4

மட்டக்களப்புக் கூத்தின் வரலாற்றில் இவ்வுடைமை இடம்பெயரத் தொடங்கிய காலம் 1950களின் பிற்பகுதியாகும். 1956 இல் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ சிங்கள நாடகத்துக்குப் புதுவழி காட்டிற்று. அது கையாண்ட நாடகம் என்னும் வடிவம் தமிழ்க் கூத்தின் வழிவந்தது. தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில், தமிழ்க் கூத்தின் வழித்தோன்றல் ஒன்று சிங்களத் தேசிய அரங்காக மலர்ந்தமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று. அரசியலில் பகைத்த இரு மொழியினர் அரங்கில் ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றனர்.

பேராதனையில் வித்தியானந்தன் 1962 இல் ‘கர்ணன் போர்’ என்ற வடமோடிக் கூத்தையும், 1963 இல் ‘நொண்டி நாடகம்’ என்ற தென்மோடிக் கூத்தையும், தொடர்ந்து ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியவற்றையும் மேடையேற்றினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் போன்ற கிராமக் கலைஞரின் அறிவும் பல்கலைக்கழக மாணவரின் பயிற்சியும் இங்கு இணைந்தன. ஊர்களில் எதிரெதிர் நின்ற இரு மோடிகளும் ஒரே நெறியாளரின் கீழ் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே மேடையைக் கண்டன. நாட்டார் கலை எனப் புறக்கணிக்கப்பட்டிருந்த கூத்து, தமிழ் மத்தியதர வர்க்கத்தின் மதிப்பைப் பெற்றது. இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது.

ஆயினும் மாற்றத்தின் மறுபக்கத்தையும் காணவேண்டும். விடிய விடிய ஆடப்பட்ட கூத்து ஒன்றரை மணி நேரத்துள் அடங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று; களரியின் நடுவே நின்ற அண்ணாவியார் மேடையின் ஒருபுறத்துக்கு ஒதுங்கினார். கூத்தின் போக்கைத் தீர்மானிக்கும் அதிகாரம் நெறியாளரிடம் சென்றது. கலைக்கழகப் போட்டிகளும், பின்னர் பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிகளும் கூத்துக்குப் புதிய ஆதரவை அளித்தன. எனினும், குறித்த நிமிடங்களுக்குள் ஆடி, நடுவரின் புள்ளி பெறும் போட்டிக்கும் ஊரோடு ஊர் நிகழ்த்திய போட்டிக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. முன்னையதில் தீர்ப்பாளர் சிலர். பின்னையதில் களரியைச் சூழ்ந்திருந்த அனைவரும் தீர்ப்பாளர். போட்டி எஞ்சியது, அதைத் தாங்கிநின்ற கூட்டுழைப்பு தளர்ந்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் இரவு நடமாட்டமே தடைப்பட்டமை இத்தளர்ச்சியை மேலும் ஆழமாக்கிற்று.

5

பழைய களரியை இலட்சியப்படுத்துவதும் எமது நோக்கமன்று. ஊர் கூடிச் செய்த கூத்து எனும்போது, ஊர் என்பதனுள் அடங்கியோர் யாவர் என்ற வினா எழுகின்றது. பெண் பாத்திரங்களையும் ஆண்களே தாங்கினர். பெண்கள் பார்வையாளராகவே நிறுத்தப்பட்டனர். கோயிற் சடங்குகளிற் பறை முழக்கும் கடமை சுமத்தப்பட்ட மக்கள் தமக்கெனப் பறைமேளக் கூத்து என்னும் செழுமையான ஆட்டமரபைக் கொண்டிருந்தனர். வடமோடி சிறந்ததா தென்மோடி சிறந்ததா என விடியும்வரை வாதிட்டவர்கள் பறைமேளக் கூத்தை அவ்வொப்பீட்டுக்குள் கொணரவில்லை. போட்டியிடத் தகுதி உடையவன் எனக் கருதப்படுவதே ஒருவகைச் சமத்துவமாகும். நிலப்பிரபுத்துவச் சமூகம் அச்சமத்துவத்தையும் அளந்தே வழங்கியது. கான்சாஸ் சிற்றியின் தனிச்சங்கத்துக்கும் மட்டக்களப்பின் தனிக்களரிக்கும் சூழல் வேறாயினும், விலக்கலின் தர்க்கம் ஒன்றே.

எனவேதான் 1969 இல் மௌனகுருவின் ‘சங்காரம்’ வடமோடி ஆட்டத்தை உழைப்போரின் எழுச்சியைக் கூறும் கருவியாக்கியது முக்கியத்துவம் பெறுகின்றது. போரும் வீரமும் அரசர்க்கு மட்டும் உரியன அல்ல என்பதை அவ்வடிவமே பேசிற்று. 2000களின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கர் சீலாமுனையில் ஊர் மக்களோடு இணைந்து மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் மற்றொரு திசையைக் காட்டிற்று. கூத்தைக் களரியிலிருந்து பெயர்க்காது, ஆடுவோரும் காண்போரும் தாமே விவாதித்து, சாதி, பால் ஏற்றத்தாழ்வுகளை அதன் பனுவலிலும் ஆற்றுகையிலும் களைய முற்பட்ட முயற்சி அது.

நாவற்குடாவுக்கு அணித்தான கல்லடியில் இன்று சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இயங்குகின்றது. ஊர் அண்ணாவியாரின் கலை அங்கு பட்டப்படிப்பின் பாடமாகியுள்ளது. மோடிகளின் வேறுபாட்டை விடைத்தாளில் வரிசைப்படுத்துவது எளிது. அவ்வேறுபாட்டை உயிர்ப்புடன் வைத்திருந்த அயலூர்ப் போட்டியையும், அப்போட்டிக்கு அடித்தளமாயிருந்த பொது உடைமையையும், அவ்வுடைமையிலிருந்து விலக்கப்பட்டோரின் வரலாற்றையும் சேர்த்துக் கற்பிப்பதே கடினமானது. அதனைச் செய்யாவிடின் மோடிகள் பெயர்களாக எஞ்சும்; களரி எஞ்சாது. களரியை மீண்டும் வட்டமாக அமைத்தலும், முன்னர் வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் சமநிலையில் அதனுள் நின்று போட்டியிட வழிசெய்தலும் இரு வேறு பணிகளல்ல. இவை ஒரே பணியின் இரு கூறுகள் என்பதே எமது முடிபாகும்.