கடலில் கப்பல் தேடும் ரேடார்

1951இல் அமெரிக்காவின் அரிசோனாவில், குட்இயர் விமான நிறுவனப் பொறியாளர் கார்ல் வைலி ஒரு வழி கண்டார். பறந்தபடியே பெறும் எதிரொலிகளின் அதிர்வெண் மாற்றத்தைக் கணக்கிட்டால், தரையிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்தறியலாம். விமானம் நகர நகர வந்துசேரும் எதிரொலிகளை ஒன்றுகூட்டினால், சிறிய ஆண்டெனாவே மிக நீண்ட ஆண்டெனாவின் வேலையைச் செய்யும். செயற்கைத் துளை ரேடார் இப்படிப் பிறந்தது. இருளும் மேகமும் இதற்குத் தடையல்ல. 1957இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் எதிரொலிகளை ஃபிலிமில் பதிந்து, வில்லைகளின் உதவியால் கூர்மையான படமாக்கினர். அதில் இலக்கைத் தேடியது மனிதக் கண்தான்.

1978 ஜூனில் நாசா ஏவிய சீசாட் செயற்கைக்கோள், மின்கோளாறால் நூறு நாள்களுக்குச் சற்று மேல்தான் உழைத்தது. ஆனாலும் 100 கி.மீ. அகலப் பட்டையில் 25 மீட்டர் நுணுக்கத்துடன் அது எடுத்த படங்கள் கடலியலாளரை வியக்கவைத்தன. கப்பலின் உலோக மூலைகள் அலைகளைத் திருப்பியனுப்ப, அது பளிச்சென்ற புள்ளியாகத் தெரிந்தது. ஓடும் கப்பலோ தான் கிழித்துவந்த நீர்த்தடத்தின் மேல் இல்லாமல், பக்கவாட்டில் விலகித் தெரிந்தது. ரேடாரை நோக்கிய அதன் வேகத்தை, கணக்கீடு இடமாற்றமாக எடுத்துக்கொண்டதே காரணம். அந்த விலகலை அளந்தே கப்பலின் வேகத்தையும் சொல்ல முடிந்தது.

எனினும் பளிச்சிடுவதெல்லாம் கப்பல் அல்ல. காற்று வலுத்தால் கடலே ஒளிரும்; நிலையான வரம்பு வைத்தால் பொய் இலக்குகள் பெருகும். இதற்கான விடை 1968இலேயே ஃபின், ஜான்சன் இருவரின் ஆய்வில் இருந்தது. ஒவ்வொரு புள்ளியையும் அதன் சுற்றுப்புறச் சராசரியோடு ஒப்பிட்டு, வரம்பை இடத்துக்கு இடம் மாற்றுவதே அந்த முறை. இத்துறையின் உண்மையான முன்னேற்றம் இலக்கை அறிந்ததைவிடப் பின்னணியை அறிந்ததில்தான் இருக்கிறது.

நிலத்திலும் அதுவே பாடம். 1995இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் எம்ஸ்டார் திட்டம், டாங்கி முதலிய வாகனங்களை ஏறக்குறைய 30 செ.மீ. நுணுக்கத்தில் படமெடுத்தது. அந்தத் தொகுப்பில் பயின்ற நிரல்கள், வாகனத்தோடு அது நின்ற தரையையும் சேர்த்தே அடையாளமாகக் கற்றுக்கொண்டது பின்னர் தெரியவந்தது.

2014 முதல் ஐரோப்பாவின் சென்டினல்-1 படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைக் கணினி நரம்பு வலைகளால் ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வின்படி, உலகின் பெரிய மீன்பிடிக் கப்பல்களில் சுமார் முக்கால் பங்கு பொதுக் கண்காணிப்பில் தென்படாதவை.