லிஸ்டீரியா: முட்டைக்கோஸ் காட்டிக்கொடுத்த கிருமி

லிஸ்டீரியாவோட கதையைத் தேடிப் போனா முதல்ல வந்து நிக்கிறது முயல்தான். 1926ல் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் முயல்களும் கினிப் பன்றிகளும் செத்துப்போனதை ஆராய்ந்த முர்ரே, வெப், ஸ்வான் மூவரும் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். ஜோசப் லிஸ்டரின் பெயரை அடுத்த வருஷம் தென்னாப்பிரிக்காவில் பிரி என்பவர் சூட்டினார். லிஸ்டர் இந்தக் கிருமியைப் பார்த்ததே கிடையாது, சும்மா மரியாதைக்கு வைத்த பேர்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த சில வருஷங்களில் ஜெர்மனியின் ஹாலே நகரில் சிசுக்கள் இறந்தே பிறந்தன. உறுப்புகளில் சின்னச் சின்ன முடிச்சுகள். காரணம் லிஸ்டீரியாதான் என்று 1950களின் தொடக்கத்தில் போட்டெல் காட்டினார். சரி, தாய்க்கு அது எப்படி வந்தது?

விடை கிடைக்க 1981 வரை ஆயிற்று. கனடாவின் கடலோர மாகாணங்களில் 41 பேருக்கு நோய்; அதில் 34 கர்ப்பம் சம்பந்தப்பட்டவை. 5 கருச்சிதைவு, 4 இறந்த பிறப்பு, 23 குழந்தைகள் கடும் நோயோடு பிறந்தன. இரண்டே இரண்டு குழந்தைகள்தான் நல்லபடியா பிறந்தன. துருவிப் பார்த்ததில் சிக்கியது கோல்ஸ்லா, அதாவது பச்சை முட்டைக்கோஸ் சாலட். அந்தக் கோஸை விளைவித்தவர் ஆட்டு எருவைப் போட்டிருந்தார், அவருடைய ஆடுகளில் சில லிஸ்டீரியாவால் செத்திருந்தன. அறுத்த கோஸ் குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்தது. மற்ற கிருமிகள் ஒடுங்கிவிடுகிற குளிரிலும் இது பெருகும். நாம நம்பி வைக்கிற ஃபிரிட்ஜிலும் அப்படித்தான்.

ஆரம்ப மாதங்களில்தான் இது கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. தாய்க்கு லேசான காய்ச்சல், உடம்பு வலி, அவ்வளவுதான். கரு கலைந்தாலும் ரத்தக் கல்ச்சர் செய்யாவிட்டால் காரணமே தெரியாது. கண்டுபிடித்துவிட்டால் மருந்து பழசுதான்: அதிக அளவு ஆம்பிசிலின், நரம்பு வழியாக, வழக்கமாக இரண்டு வாரம். நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்கும் போய்ச்சேரும். காய்ச்சலுக்கு டாக்டர்கள் சட்டென்று கை நீட்டும் செஃபலோஸ்போரின் ஊசி இந்தக் கிருமியிடம் பலிக்காது.

பென்சிலின் ஒத்துக்காதவர்கள் பாடுதான் திண்டாட்டம். மாற்று மருந்தான கோ-ட்ரைமோக்சசோல் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும். சிசுவின் தண்டுவடம் உருவாகிற முதல் மூன்று மாதத்தில் அதைக் கொடுக்கத் தயங்குவார்கள். அதனால அலர்ஜி நிஜம்தானா என்று சோதித்துப் பார்த்து, நிஜம் என்றால் ஆஸ்பத்திரியில் வைத்தே துளித்துளியாகப் பென்சிலினைக் கூட்டி உடம்பைப் பழக்கிவிட்டு, அப்புறம் அதையே கொடுப்பதும் உண்டு.