ஏரிமேல் எழுந்த நகரும் நிலநடுக்கமும்

ஏடுகளும் கல்வெட்டுகளுமே வரலாற்றின் சான்றுகள் எனக் கொள்வது நம்மவர் வழக்கம். ஒரு நகரின் அடியிற் கிடக்கும் மண்ணும் அத்தகைய சான்றே என்பதை மெக்சிக்கோ நகரின் வரலாறு தெளிவுற உணர்த்தும்.

1325ஆம் ஆண்டளவில் அசுதெக்க மக்கள் தெச்கோக்கோ ஏரியின் நடுவே அமைந்த தீவொன்றில் தெனோச்தித்லான் என்னும் தம் தலைநகரை நிறுவினர். சூழ்ந்த நீரே அவர்க்கு அரணாயிற்று. 1521இற் கோர்த்தேசு என்பான் தலைமையில் இசுப்பானியர் அதனை வென்று, அதன் இடிபாடுகளின் மீதே தம் நகரை எழுப்பினர். முன்பு அரணாயிருந்த நீர் பின்பு பகையாயிற்று. 1629இல் நகரை மூழ்கடித்த வெள்ளம் ஐந்தாண்டளவும் முற்றாக வடிந்திலது. தலைநகரை வேறிடத்துக்கு மாற்றும் யோசனை எழுந்தும் ஆள்வோர் அதனை ஏற்றிலர். ஏரியை வடிப்பதையே நாடினர். 1607இல் தொடங்கிய வடிகாற்பணி பல தலைமுறைகள் தொடர்ந்து, 1900இற் பெருங்கால்வாய் திறக்கப்பட்டது. நீர் அகன்ற நிலமெங்கும் நகர் பரந்தது. நீர் நீங்கியதேயன்றி, ஏரி படியவிட்ட களிமண் நீங்கவில்லை.

அம்மண்ணின் இயல்பு 1985 செத்தெம்பர் 19ஆம் நாட் காலையில் வெளிப்பட்டது. பசிபிக்குக் கரையில், நகரிலிருந்து 350 கிலோமீற்றருக்கும் அப்பால், 8.0 பருமனுள்ள நிலநடுக்கம் தோன்றிற்று. இத்துணைத் தொலைவு கடந்த அலைகள் வலியிழந்திருத்தல் வேண்டும். நகரின் மேட்டுப் பாறைநிலத்தில் அவ்வாறே நடுக்கம் சிறிதாயிருந்தது. ஏரிப்படுக்கையிலோ அதனினும் ஏறக்குறைய ஐந்து மடங்கான முடுக்கம் பதிவாயிற்று. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

இவ்வேறுபாட்டின் காரணம் யாது? பாறையில் விரைந்து வரும் அலை மென்மண்ணுட் புகுந்ததும் வேகம் குன்றும். சுமந்துவந்த சத்தி ஒடுங்கிய இடத்தில் அடங்கவேண்டியிருத்தலின் வீச்சம் பெருகும். அன்றியும், ஒரு மண்படையின் தடிப்பை நான்காற் பெருக்கி அலைவேகத்தால் வகுக்க, அப்படை தானாக ஆடும் அலைவுகாலம் கிடைக்கும். 40 மீற்றர் தடித்த களியில் அலை வினாடிக்கு 80 மீற்றர் செல்லுமாயின், அக்காலம் 2 வினாடியாகும். தொலைவிலிருந்து வந்த அலைகளிலும் இக்காலமுடையவை வலுவாயிருந்தமையாற் பரிவு நிகழ்ந்தது. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கிசையத் தள்ளினாற்போல நிலம் மேன்மேலும் ஆடிற்று.

ஆட்டம் நெடுநேரம் நீடித்தமை பிறிதொரு வியப்பு. புவியோட்டிலுள்ள ஒழுங்கின்மைகளால் அலைகள் பல திசையிலும் சிதறி, சுற்றுவழியாகப் பிந்தி வந்து சேர்வதே நிலநடுக்கப் பதிவின் நீண்ட வாலுக்குக் காரணம் என யப்பானிய அறிஞர் அக்கி 1969இல் விளக்கினார். மெக்சிக்கோப் பள்ளத்தாக்கில் இச்சிதறலோடு, கிண்ணம் போன்ற நிலவமைப்பினுள் அலைகள் அகப்பட்டு மீள மீளத் தெறித்தமையும் சேர்ந்ததென ஆய்வாளர் கருதுவர்.

கட்டடங்களுள்ளும் அழிவு ஒருதன்மைத்தாயிருக்கவில்லை. பெரிதும் வீழ்ந்தவை 6 முதல் 15 மாடிவரை கொண்டவை. அவற்றின் ஆட்டம் நிலத்தின் ஆட்டத்தோடு இசைந்தது. தாழ்ந்த பழங்கட்டடங்கள் பல தப்பின. 1956இல் நிறைவுற்ற 44 மாடி இலத்தீன் அமெரிக்கக் கோபுரமும், ஆழ்ந்த அத்திவாரத்தாலும் ஏற்ற அமைப்பாலும் நிலைத்து நின்றது.

சரியாக 32 ஆண்டுகளின் பின், 2017இல் அதே திகதியில், நகருக்கு ஏறத்தாழ 120 கிலோமீற்றர் தொலைவில் 7.1 பருமனுள்ள நடுக்கம் நேர்ந்தது. இம்முறை குறுகிய அலைவுகாலமுள்ள அலைகள் வலுவாயிருந்தன. ஆதலின், களி மெலிந்த ஏரியின் மேற்கோரத்திலேயே சேதம் பெரிதும் குவிந்தது. அலை மாறினும் அழிவின் எல்லையை வகுத்தது பழைய ஏரியே.

நிலநடுக்கத்தைத் தடுத்தல் மனிதர்க்கு இயலாது. எங்கு, எவ்வாறு குடியிருப்பது என்பதோ அவர் தேர்வு. அசுதெக்கர் தீவைத் தேர்ந்தமையும் இசுப்பானியர் அங்கேயே தங்கியமையும் அவ்வக்காலத்துக்கு ஏற்ற முடிவுகளாய்த் தோன்றியிருக்கலாம். அவற்றின் விலையை இறுத்தவரோ, அம்முடிவுகளிற் பங்கில்லாப் பிற்காலத்து மக்கள். நகரமைப்போர் வரலாற்றையும் வரலாறு கற்போர் நிலத்தையும் அறிதல் வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.