நாளமில்லாச் சுரப்பி நோய்களில் செவிலியர் பராமரிப்பு: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள்

நாளமில்லாச் சுரப்பிகளின் ஹார்மோன்கள் கூடுவதாலோ குறைவதாலோ வரும் நோய்களில் செவிலியர்கள் அளிக்கும் கண்காணிப்பு, பயிற்சி, அவசர உதவி ஆகியவற்றை இந்தச் செவிலியர் பராமரிப்பு குறிக்கும். சர்க்கரை நோய், தைராய்டு கோளாறுகள், அட்ரினல் குறைபாடு ஆகியவை இவ்வகை நோய்களில் முக்கியமானவை. இவற்றில் பல ஆயுள் முழுதும் தொடர்பவை. மருந்தின் அளவை மருத்துவர் தீர்மானிக்கிறார். அதை வீட்டில் நாள் தவறாமல், சரியான முறையில் எடுத்துக்கொள்ளப் பழக்கும் பொறுப்பு பெரிதும் செவிலியருடையது.

பின்னணி

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் உண்டு. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12இல் திறக்கப்பட்டது.

சர்க்கரை நோய்

பெரம்பலூர் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிப் பூமி. அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் தட்டைக் கட்டைகளும் பருத்திமார் முனைகளும் காலைக் குத்தும். சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்த காலில் குத்தியது தெரியாது. புண் சீழ் பிடித்து, விரலையோ காலையோ இழக்க நேரிடலாம். ஆகவே செவிலியர் பாதத்தை வெளிச்சத்தில் வைத்து, விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு, ஆணிக்கால் எனப் பார்க்கிறார். மெல்லிய நைலான் இழையால் அடிப்பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா எனச் சோதிக்கிறார். வெறுங்காலுடன் வயலில் இறங்கக் கூடாது என்பதும், தினமும் இரவில் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் கட்டாய அறிவுரைகள்.

இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் களையெடுக்கப் போனால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியவை அறிகுறிகள். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவருக்கு வாய்வழி எதுவும் புகட்டாமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். உறைய விடக் கூடாது. குளிர்பெட்டி இல்லாத வீட்டில், பயன்பாட்டில் உள்ள புட்டியை நெகிழி டப்பாவில் மூடி, ஈரமணலில் பதித்த மண்பானைக்குள் வைக்கலாம். ஒரே இடத்தில் தொடர்ந்து ஊசி குத்தினால் தோல் தடித்து, மருந்து சரியாக உறிஞ்சப்படாது.

தைராய்டு

தைராய்டு ஹார்மோன் குறைந்தவர்கள் தைராக்சின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்க வேண்டும். டீ, காபிக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். கர்ப்பிணிகள் இரும்பு, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டும். தைராய்டு அறுவைக்குப் பின் கழுத்து வீக்கம், மூச்சுத்திணறல், வாயைச் சுற்றி மதமதப்பு ஆகியவற்றைச் செவிலியர் கவனிக்கிறார். மதமதப்பு, கால்சியம் குறைவதன் அறிகுறி.

அட்ரினல்

நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவரின் அட்ரினல் சுரப்பு குறைந்துவிடும்; அவர் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை தீர்வதற்கு முன்பே அடுத்த தொகுப்பு கிடைக்கச் செய்வதும், காய்ச்சல் அல்லது வாந்தியின்போது உடனே மருத்துவமனைக்கு வரப் பழக்குவதும் இங்கு உயிர்காக்கும் பணிகள்.