காலிக் கேபின்களின் வரலாறு

சொகுசுக் கப்பலில் முதன்முறையாக ஏறப்போகிறவருக்கு, ஏற்கெனவே போய்வந்தவர்கள் சொல்லும் யோசனைகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் எடுங்கள், ஆட்டம் குறைவாகத் தெரியும். டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று மயங்காதீர்கள்; டிப்ஸ், மது, இணையம், கரைச் சுற்றுலா என்று ஏறியபின் பில் ஏறிக்கொண்டே போகும். பாதுகாப்புப் பயிற்சிக்கு டிமிக்கி கொடுக்காதீர்கள். டிக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இவற்றில் முதல் யோசனைக்குக் காரணம் இயற்பியல். சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்தவருக்கு ஓரத்தில் இருப்பவரைவிட ஆட்டம் குறைவு. மற்றவற்றுக்கான காரணத்தை வரலாற்றில்தான் தேட வேண்டும். தனக்குரிய வேலை பறிபோய், கேபின்கள் காலியாகக் கிடந்த கப்பல்களுக்கு ஆள் பிடிக்கப் போய் உருவான தொழில் இது. ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்தப் பிறவிக் குணம் மாறவில்லை என்பதே இங்கே என் வாதம்.

1891 ஜனவரி 22 அன்று, ஜெர்மனியின் குக்ஸ்ஹாஃபன் துறைமுகத்திலிருந்து ‘அவுகுஸ்டா விக்டோரியா’ என்ற கப்பல் 241 பயணிகளோடு மத்தியதரைக் கடலுக்குப் புறப்பட்டது. அதன் வழக்கமான தடம் ஹாம்பர்க்கிலிருந்து நியூயார்க். குளிர்காலத்தில் அட்லாண்டிக் கொந்தளிக்கும். அவசியம் இல்லாதவர்கள் யாரும் ஏற மாட்டார்கள். அந்த மாதங்களில் கப்பல் ஓடினாலும் நஷ்டம், கட்டிப்போட்டாலும் நஷ்டம். ஹாம்பர்க்–அமெரிக்கா நிறுவனத்தை நடத்திய ஆல்பர்ட் பாலின் ஒரு கணக்குப் போட்டார். குளிருக்குப் பயந்து கப்பலேறாத பணக்காரர்களை, அதே குளிரைக் காட்டியே வெயில் உள்ள ஊர்களுக்கு அழைத்துப் போனால் என்ன? சுமார் இரண்டு மாதம் சுற்றிவிட்டு, புறப்பட்ட ஊருக்கே திரும்பிவந்த அந்தப் பயணம் வெற்றி பெற்றது. பிறகு பாலின் இதற்கென்றே ‘பிரின்ஸெஸின் விக்டோரியா லூயிஸ’ என்ற கப்பலைக் கட்டினார். 1900இல் கடலில் இறங்கிய அதில் முதல் வகுப்புக் கேபின்கள் மட்டுமே, மொத்தம் 120. புகைப்படம் எடுப்பவர்களுக்கு இருட்டறைகூட உண்டு. 1906 டிசம்பரில் ஜமைக்கா கரையருகே அது பாறையில் ஏறி அழிந்தது. அந்த இடத்தை நிரப்ப நிறுவனம் எதைக் கொண்டுவந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ‘டாய்ச்லாண்ட்’ என்று ஒரு கப்பல், ஒரு காலத்தில் அட்லாண்டிக்கை மிக வேகமாகக் கடந்து பேர் வாங்கியது. ஆனால் ஓடும்போது பயணிகள் தாங்க முடியாத அளவுக்கு அதிரும். தடத்தில் விலைபோகாத அந்தக் கப்பலின் வேகத்தைக் குறைத்து, வெள்ளை வண்ணம் பூசி, ‘விக்டோரியா லூயிஸ’ என்று பெயரை மாற்றி 1911இல் உல்லாசப் பயணத்துக்கு அனுப்பினார்கள்.

என் வாதத்துக்கு ஒரு மறுப்பு உண்டு. சுற்றிப்பார்க்கும் ஆசை மனிதனிடம் முன்பே இருந்தது, கப்பல்காரர்கள் அதற்கு வழி செய்து கொடுத்தார்கள், அவ்வளவுதானே என்று கேட்கலாம். ஆசை இருந்தது உண்மைதான். 1867இல் ‘குவேக்கர் சிட்டி’ கப்பலில் மார்க் ட்வெய்ன் உள்ளிட்ட அமெரிக்கர்கள் ஐரோப்பாவுக்கும் புனித பூமிக்கும் போனபோது, அதை ஏற்பாடு செய்தது கப்பல் நிறுவனமே அல்ல. ஒரு தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள். ஆனால் அந்தக் கப்பலும் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கடற்படைக்கு உழைத்து, போர் முடிந்தபின் வேலை தேடிய கப்பல். அதற்கு முன்பே, 1844இல், பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனம் எழுத்தாளர் தாக்கரேயை இலவசமாக மத்தியதரைக் கடலுக்கு அனுப்பிவைத்தது. அவர் திரும்பி வந்து புத்தகம் எழுதினார். அது அரசாங்கத் தபாலைச் சுமக்கும் ஒப்பந்தத்தில் வளர்ந்த நிறுவனம். ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் தபால் கப்பல் கிளம்பியாக வேண்டும். காலி இடத்தில் ஓர் எழுத்தாளரை உட்காரவைப்பதில் செலவு ஒன்றுமில்லை, விளம்பரமோ லாபம். (இன்று சமூக ஊடகப் பிரபலங்களுக்கு இலவசக் கேபின் தருவதைப் புதிய உத்தி என்று சொல்பவர்கள் தாக்கரேயை மறந்துவிடுகிறார்கள்.) ஆசை எல்லாக் காலத்திலும் இருந்தது. அது எப்போது, என்ன விலையில், எந்தத் தடத்தில் நிறைவேறும் என்பதைத் தீர்மானித்தது காலி இடம்.

1920களில் இந்தக் காலி இடம் பல மடங்கு பெருகியது. 1921, 1924 ஆண்டுகளின் அமெரிக்கச் சட்டங்கள் குடியேறிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தன. கப்பலின் அடித்தளத்தில் அடைபட்டு வந்த ஏழைக் குடியேறிகளின் கூட்டம்தான் பல நிறுவனங்களுக்குச் சோறு போட்டது, அது நின்றுபோனது. அதே அடித்தளத்தைத் தடுத்து, வெள்ளையடித்து, ‘சுற்றுலா மூன்றாம் வகுப்பு’ என்று பெயர் சூட்டி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் விற்றார்கள். கூடவே மதுவிலக்கும் சேர்ந்துகொண்டது. அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் மது விற்க முடியாது என்பதால், 1922இல் ‘ரிலையன்ஸ்’, ‘ரெசல்யூட்’ என்ற இரண்டு கப்பல்கள் பனாமாவின் கொடிக்கு மாறின. பிறகு பெருமந்தம் வந்ததும், 22 ஆண்டுகள் வேகச் சாதனையைக் கையில் வைத்திருந்த ‘மாரிடேனியா’வே வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு வெப்பக் கடல்களில் சுற்ற வேண்டியதாயிற்று. மலிவு விலைக் குடிப் பயணங்களுக்கு இறங்கிவந்த ‘பெரெங்காரியா’வின் பெயரைத் தள்ளுபடிக் கடை என்று பொருள்படத் திரித்துக் கேலி செய்தார்கள்.

பனாமாவில் ஏறிய கொடி, மதுவிலக்கு 1933இல் முடிந்த பிறகும் இறங்கவில்லை. இன்றைய பெரிய உல்லாசக் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா, மால்டா, பெர்முடா போன்ற நாடுகளில் பதிவானவை. பயணிக்கு இதனால் என்ன? ஊழியருக்கான கூலியும் வேலைநேரமும் பெரும்பாலும் அந்தக் கொடியின் சட்டத்தைச் சார்ந்தவை. அறையைத் துடைப்பவருக்கும் உணவு பரிமாறுபவருக்கும் டிப்ஸ் என்பது அன்பளிப்பாக இல்லாமல் வருமானத்தின் பகுதியாகவே ஆகிவிட்டது. நாள் கணக்கில் அது தானாகவே பயணியின் கணக்கில் ஏறுவது இதனால்தான். டிப்ஸ் பழைய பயணக் கப்பல்களிலும் இருந்ததே என்றால், இருந்தது. ஆனால் அங்கே கொடுப்பது அவரவர் கையில் இருந்தது. வழக்கு என்று வந்தாலும் பொடி எழுத்துதான் பேசும். கப்பலில் வழுக்கி விழுந்த ஒரு பயணி, தன் ஊரான வாஷிங்டன் மாநிலத்தில் கார்னிவல் என்ற உல்லாசக் கப்பல் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டபோது, டிக்கெட்டில் அச்சாகியிருந்தபடி புளோரிடாவில்தான் வழக்காட வேண்டும் என்று 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியதும், நாள்கணக்கான பயணம் மணிக்கணக்காகச் சுருங்கியது. உல்லாசக் கப்பல் தொழில் இங்கேதான் பிறந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். புதுப்பிறவி என்பதைவிட, பழைய வியாதிக்குப் பழைய வைத்தியம் மீண்டும் நடந்தது என்பதே பொருத்தம். நார்வேக்காரர் குளோஸ்டர் ‘சன்வார்ட்’ கப்பலை இங்கிலாந்துக்கும் ஜிப்ரால்டருக்கும் இடையே ஓட்டக் கட்டினார். பிரிட்டனும் ஸ்பெயினும் ஜிப்ரால்டருக்காக முட்டிக்கொண்டதில் தடம் படுத்துவிட்டது. மியாமியில் டெட் அரிசனிடம் முன்பதிவு செய்த பயணிகள் இருந்தார்கள், கப்பல் இல்லை. குளோஸ்டரிடம் கப்பல் இருந்தது, பயணிகள் இல்லை. 1966 டிசம்பரில் இருவரும் கைகோத்தார்கள். பின்னர் பிரிந்த அரிசன், ‘எம்ப்ரஸ் ஆஃப் கனடா’ என்ற பழைய கப்பலை வாங்கி, ‘மார்டி கிரா’ என்று பெயரிட்டு 1972இல் கார்னிவலைத் தொடங்கினார். முதல் பயணத்திலேயே அந்தக் கப்பல் மியாமி கரைக்கு எதிரே மணல்திட்டில் தட்டி நின்றது.

பிரெஞ்சுப் பெருமையான ‘பிரான்ஸ்’ கப்பலின் கதை இன்னும் தெளிவானது. அரசு மானியத்தில் ஓடிய அது, எண்ணெய் விலை ஏறி 1974இல் மானியம் நின்றதும் முடங்கியது. 1979இல் குளோஸ்டர் அதை வாங்கி, ‘நார்வே’ என்று பெயரிட்டு, நான்கு சுழலிகளில் இரண்டைக் கழற்றிவிட்டு கரீபியனுக்குக் கொண்டுபோனார். ஊர் போய்ச் சேரும் அவசரம் இல்லாத கப்பலுக்கு வேகம் எதற்கு? ஆனால் அட்லாண்டிக் அலைக்காக ஆழமாகக் கட்டப்பட்ட அதன் அடிப்பாகம் கரீபியனின் சிறு துறைமுகங்களுக்குள் நுழையாது. எனவே தூரத்தில் நங்கூரமிட்டு, மேல்தளத்தில் சுமந்துவந்த இரண்டு பெரிய படகுகளில் பயணிகளைக் கரைக்கு அனுப்பினார்கள். இன்றும் இப்படிக் கரைக்குக் கொண்டுபோகும் டெண்டர் படகுக்கு வரிசையில் நிற்கிறவர், கரையில் கிடைக்கும் நேரத்தில் அந்தக் காத்திருப்பையும் கழித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மெதுவாகப் போகும், அடிக்கடி கரை தொடாத கப்பலில் பயணியின் பொழுதையும் பணத்தையும் உள்ளேயே செலவழிக்கவைக்க வேண்டும். சூதாட்டக் கூடமும் கடைத்தெருவும் அதற்காகப் பெருத்தன.

பாதுகாப்பிலும் இந்த மரபுரிமை தெரிகிறது. 1934இல் ஹவானாவிலிருந்து நியூயார்க் திரும்பிய ‘மோரோ காஸில்’ எரிந்து 137 பேர் மாண்டபோது, முதலில் இறங்கிய படகுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஊழியர்கள். 1965இல் மியாமியிலிருந்து நசாவு துறைமுகத்துக்குப் போன ‘யார்மத் காஸில்’ எரிந்து 90 பேர் இறந்தார்கள். அது 1927இல் வேறொரு தடத்துக்காக, வேறொரு பெயரில் கட்டப்பட்ட, மரவேலை நிறைந்த கிழட்டுக் கப்பல். ஆனால் 2012 ஜனவரியில் கவிழ்ந்து 32 பேரைப் பலிகொண்ட ‘கோஸ்டா கான்கார்டியா’ 2006இல் கட்டிய புதுக் கப்பல்தானே என்று கேட்பது நியாயம். கப்பல் புதிது, விதி பழையது. புறப்பட்டு 24 மணிநேரத்துக்குள் பயிற்சி நடத்தினால் போதும் என்ற விதி, எல்லோரும் ஓரிடத்தில் ஏறி ஒரு கடலைக் கடக்கும் பயணத்துக்குத்தான் பொருந்தும். உல்லாசக் கப்பலிலோ ஒவ்வொரு துறைமுகத்திலும் ஆள் ஏறுவார்கள். அன்று சிவிடவெக்கியா துறைமுகத்தில் ஏறிய சுமார் 700 பேருக்கு, கப்பல் பாறையில் மோதும்வரை பயிற்சி நடக்கவில்லை. 2015 முதல் கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ பயிற்சி கட்டாயம். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி என்ற சங்கைக் கேட்டதும் எங்கே போய் நிற்பது என்பதை விடுமுறை மயக்கம் ஏறும் முன்பே காதில் போட்டுவிடுகிறார்கள்.

இப்போது ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ போல ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றும் ராட்சதங்கள் இதற்கென்றே கட்டப்படுகின்றன, காலிக் கேபின் கதை முடிந்துவிட்டது என்பது கடைசி மறுப்பு. முதலீடு பெரிதாகப் பெரிதாகக் காலிக் கேபின் பயமும் பெரிதாகிறது. கேபினுக்கு இருவர் என்று கணக்கிட்டு, குழந்தைகளும் ஏறும்போது நூறு சதவீதத்துக்கு மேல் நிரம்பியது என்று காட்டும் தொழில் இது. கடைசி வாரத்தில் விலை சரிவதும், தனியாகப் போகிறவரிடம் ஏறக்குறைய இருவர் கட்டணம் வாங்குவதும் அந்தக் கணக்கால்தான். கரீபியனில் குளிர்காலம் முடித்து ஐரோப்பாவுக்கு மாறும் கப்பல்கள் வசந்தத்தில் ஒருவழிப் பயணத்தை மலிவாக விற்பது பாலின் போட்ட அதே கணக்கு, திசைதான் வேறு.

ஆனால் வேலை போன எல்லாக் கப்பலும் உல்லாசக் கப்பல் ஆகிவிடாது. 1926 முதல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஆயிரக்கணக்கான டெக் பயணிகளைச் சுமந்த ‘ரஜூலா’ 1970களில் உடைக்கப்போனது. அதன் இடத்துக்கு வந்த ‘சிதம்பரம்’, ‘பாஸ்டர்’ என்ற பெயரில் தென்னமெரிக்கத் தடத்தில் ஓடிய பிரெஞ்சுக் கப்பல். 1985 பிப்ரவரி தீவிபத்தோடு அந்தச் சேவையும் முடிந்தது. பாய் விரித்துப் படுத்துப் போனவர்களுக்குப் பதிலாக, சும்மா சுற்றிவரப் பணமும் விடுப்பும் உள்ள கூட்டம் அன்று இந்தக் கரையில் திரளவில்லை. திரண்டபோது வந்த கப்பலும் பழையதுதான். 1990இல் கட்டப்பட்டு, கொரோனா முடக்கத்தில் 2020இல் ராயல் கரீபியன் விற்றுவிட்ட ‘எம்ப்ரஸ்’, 2022 ஜூனில் சென்னையிலிருந்து விசாகப்பட்டினத்துக்கும் புதுச்சேரிக்கும் என்று டிக்கெட் விற்றுக் கிளம்பியது. கப்பலில் சூதாட்டக் கூடம் இருக்கிறதே என்று புதுச்சேரியில் எதிர்ப்பு எழுந்தது. பயணிகளை இறக்க அனுமதி கிடைக்காமல், அவர்கள் ஊரைக் கடலில் இருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.