கவலை வால் முதல் செருப்புக் கட்டை வரை: தோல் எந்திரங்களின் கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

தொழிற்புரட்சி என்றதும் நூற்பு எந்திரமும் நீராவி எஞ்சினும்தான் நினைவுக்கு வரும். பல ஆண்டுகள் வரலாறு நடத்தியவன் நான். நான் நடத்திய புத்தகங்களில் பஞ்சுக்குப் பக்கம் பக்கமாக இடம் இருந்தது. காலில் போடும் செருப்புக்கு ஒரு வரி இல்லை. கோவையிலும் அதே நிலைதான். 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்ததில் தொடங்கி மில்களின் வரலாறு பலருக்கும் தெரியும். தோலின் வரலாறு யாருக்கும் தெரியாது. ஆனால் கொங்கு விவசாயம் ஒரு காலத்தில் தோல் இல்லாமல் ஒரு நாளும் நடந்ததில்லை.

வயதானவர்களுக்குக் கவலை இறைத்தது நினைவிருக்கும். இரண்டு எருதுகள் சரிவில் இறங்க, கிணற்றிலிருந்து சால் மேலே வரும். சாலின் அடியில் தோலால் செய்த வால் இருக்கும். மேலே வந்ததும் வால் கயிறு இழுபட்டுத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். அந்தத் தோல் வாலைச் செய்து கொடுத்தவர்கள் அருந்ததியர் மக்கள். கிழிந்தால் தைத்துக் கொடுப்பதும் அவர்கள் வேலை. பண்ணையத்தில் எல்லோருக்கும் செருப்பு தைத்ததும் அவர்களே. கூலி பணமாக இல்லை, அறுப்பு முடிந்ததும் களத்தில் தானியமாக.

அவர்களிடம் இருந்த கருவிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். தோல் சீவும் உளி, குத்தூசி, சுத்தியல், ஒரு கல், ஒரு மரக்கட்டை. மற்றதெல்லாம் கையும் கண்ணும்தான். மாட்டின் முதுகுத் தோல் கெட்டியாக இருக்கும், வயிற்றுத் தோல் இழுத்தால் நீளும். அடிக்கு எது, வாருக்கு எது என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அப்படித் தைத்தவர்களே மேல்சாதித் தெருவில் நடக்கும்போது தங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. இதைச் சொல்லாமல் கொங்கு நாட்டின் தோல் வரலாற்றை எழுத முடியாது.

இப்போது கடல் தாண்டிப் போவோம். செருப்பு, ஷூ செய்வதில் உள்ள வேலைகளை நான்காகப் பிரிக்கலாம். அச்சுக் கட்டை செய்வது, தோலை வெட்டுவது, கட்டையின் மேல் இழுத்து வடிவம் கொடுப்பது, விளிம்பைச் சீவி முடிப்பது. இந்த நான்கையும் எந்திரம் ஒவ்வொன்றாகப் பிடித்தது.

முதலில் கட்டை. பாதத்தின் வடிவத்தில் நேர்கோடே கிடையாது. சாதாரண கடைசல் எந்திரத்தில் உருண்டையாகத்தான் கடைய முடியும். 1819 வாக்கில் அமெரிக்காவில் தாமஸ் பிளாஞ்சார்டு துப்பாக்கிக் கட்டை கடைவதற்கு ஒரு எந்திரம் செய்தார். ஒரு மாதிரிக் கட்டையை ஒரு சக்கரம் தடவிக்கொண்டே போகும். அதன் மேடு பள்ளத்துக்கு ஏற்ப வெட்டும் கத்தி இன்னொரு மரத்துண்டைச் செதுக்கும். பிறகு இதே முறை ஷூ கட்டைக்கும் வந்தது. அதுவரை மேற்கு நாடுகளில் பெரும்பாலும் இடதுகால் வலதுகால் வித்தியாசம் இல்லாமலே ஷூ செய்தார்கள். இரண்டு காலுக்கும் தனித்தனி அச்சு எளிதாகக் கிடைத்தது இந்த எந்திரத்துக்குப் பிறகுதான்.

அடுத்து வெட்டு. இரும்புப் பட்டையை வளைத்துக் கூர் தீட்டிய டை ஒன்றைத் தோலின் மேல் வைத்து, மேலிருந்து எந்திரத்தின் கை அழுத்தினால் துண்டு தனியே வந்துவிடும். ஆம்பூர், ராணிப்பேட்டை ஆலைகளில் இதைக் கிளிக்கிங் என்பார்கள். கையால் வெட்டிய காலத்தில் கத்தி எழுப்பிய ஓசையிலிருந்து வந்த பெயர் என்று சொல்வதுண்டு. வெட்டிய துண்டின் ஓரத்தை மெல்லியதாகச் சீவுவது ஸ்கைவிங். ஓரம் மெலியாவிட்டால் மடித்துத் தைக்கும்போது தடித்துக் காலைக் கடிக்கும். மணி வடிவக் கத்தி ஒன்று சுழன்றபடி இதைச் செய்கிறது. நம் ஊர்த் தொழிலாளி உளியால் ஒரே இழுப்பில் செய்த அதே வேலை.

மிகக் கடினமானது மூன்றாவது. மேல்தோலைக் கட்டையின் மேல் இழுத்து, நுனியில் சுருக்கம் விழாமல் மடித்து ஆணி அடிப்பது. அடித்தோல் தைக்கும் எந்திரத்துக்கு லைமன் பிளேக் 1858இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். இந்த இழுப்பு வேலை மட்டும் அடுத்த கால் நூற்றாண்டுக்கு எந்திரத்துக்குப் பிடிபடவில்லை. மசாசூசெட்ஸ் மாநிலத்தின் லின் என்ற ஷூ நகரில் இந்த வேலைக்காரர்கள் நல்ல கூலி வாங்கினார்கள். தங்கள் கையை எந்த எந்திரமும் மிஞ்சாது என்று நம்பினார்கள்.

மிஞ்சியவர் யான் எர்ன்ஸ்ட் மாட்செலிகர். 1852இல் தென் அமெரிக்காவின் சூரினாமில் பிறந்தவர். அப்பா டச்சுக்காரர், அம்மா கறுப்பினப் பெண். 1877இல் லின் வந்து ஷூ ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் தொழிலாளிகளின் விரல் அசைவைக் கவனித்தார். இரவில் ஆங்கிலமும் இயற்பியலும் படித்துக்கொண்டு, கிடைத்த மரத்துண்டு, பழைய இரும்பு எல்லாவற்றையும் வைத்து மாதிரி செய்தார். 1883 மார்ச் 20இல் காப்புரிமை கிடைத்தது. வரைபடம் புரியாமல் காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஒருவர் நேரிலேயே பார்க்க வந்ததாகச் சொல்வார்கள். தேர்ந்த தொழிலாளி ஒரு நாளில் 50 ஜோடி முடித்த இடத்தில், எந்திரம் 150 முதல் 700 ஜோடி வரை முடித்தது. ஷூ விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

முதல் போட்டவர்களுக்குத் தன் உரிமையில் பெரும்பகுதியை அவர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1889இல் காசநோயால் இறந்தார். வயது 36. அவரை நினைவுகூர்ந்து அமெரிக்கா தபால்தலை வெளியிட்டது 1991இல்.

இந்த எந்திரத்தின் பலன் எங்கே போனது? 1899இல் பல நிறுவனங்கள் சேர்ந்து யுனைடெட் ஷூ மெஷினரி என்ற பெரிய நிறுவனம் உருவானது. முக்கியமான எந்திரங்களை அது விற்பதில்லை, வாடகைக்கு மட்டுமே விடும். ஷூ ஆலைக்காரர் எத்தனை ஆண்டு கட்டினாலும் எந்திரம் அவருக்குச் சொந்தமாகாது. அமெரிக்க அரசு 1947இல் வழக்குப் போட்டது. 1953இல் தீர்ப்பு வந்தபோது ஷூ எந்திரச் சந்தையில் முக்கால் பங்குக்கு மேல் அந்த ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தது.

நம் பக்கம் திரும்புவோம். 1903 வாக்கில் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் முறையில் தோல் பதனிடச் சோதனைகள் செய்தார். அதுவரை நம் மானாவாரிக் காடுகளில் மஞ்சளாகப் பூக்கும் ஆவாரையின் பட்டைதான் தோல் பதனிட உதவியது. குரோம் தோலை அவர் முக்கியமாக எதற்குக் கொண்டுவர நினைத்தார் தெரியுமா? கவலைக்கு! தண்ணீரில் ஊறியே கிடக்கும் வாலுக்கு நீடித்து உழைக்கும் தோல் வேண்டும் அல்லவா!

ஆனால் கவலைக்கே ஆயுள் குறைந்துகொண்டிருந்தது. 1930களில் பைகாரா மின்சாரம் கோவைக்கு வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்தார்கள். அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் கோவையின் பம்புசெட் கிணறு கிணறாக இறங்கியது. விவசாயிக்கு விடிவு, எருதுக்கு ஓய்வு. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு, நானும் இந்த மண்ணின் பிள்ளைதானே. ஆனால் கவலை வால் செய்தவருக்குக் களத்தில் கிடைத்த தானியம் அத்தோடு நின்றது. பின்னாலேயே ஆலையில் செய்த ரப்பர், பிளாஸ்டிக் செருப்பு வந்தது. மிச்சமிருந்த வேலையும் போயிற்று. தோலைத் தடவியே தரம் சொன்ன கைகளில் பல, துடைப்பத்துக்கும் சாக்கடைக்கும் தள்ளப்பட்டன.

தோல் தொழில் அழிந்துவிடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1948இல் சென்னை அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. 1970களில் பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தியதும், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் ஷூவும் ஷூ மேல்பாகமும் செய்யும் ஆலைகள் பெருகின. ஈரோட்டில் தோல் பதனிடுதல் தொடர்ந்தது. இன்று கோவை வட்டாரத்திலும் பாலியூரித்தேன் செருப்பு ஆலைகள் இருக்கின்றன. அங்கே தோலும் இல்லை, உளியும் இல்லை. இரண்டு திரவங்கள் கலந்து அச்சில் இறங்கிச் சில நிமிடங்களில் அடிப்பாகமாக இறுகிவிடும். ஆனாலும் அச்சின் இடுக்கில் கசிந்த பிசிறு ஓரத்தில் நிற்கும். அதை யாராவது சீவித்தான் ஆக வேண்டும்.

எந்திரம் வந்தது தவறு என்று நான் சொல்லவில்லை. வெறுங்காலில் முள் குத்தி நடந்த தலைமுறைக்கு மலிவான செருப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியும். செருப்புப் போடுவதே சிலருக்கு மட்டும் உரிய உரிமையாக இருந்த ஊரில் அது இன்னும் பெரிய விஷயம். என் கேள்வி வேறு. இதே கோவையில் கடைசல், வார்ப்படம், மோட்டார் என்று ஒவ்வொரு தொழிலையும் கற்றுக்கொடுக்கப் பட்டறைகளும் கல்லூரிகளும் எழுந்தன. தலைமுறை தலைமுறையாகத் தோலை அறிந்தவர்களை அழைத்து, இந்தா, இந்த எந்திரத்தை நீ ஓட்டு என்று சொன்னவர்கள் எத்தனை பேர்? லின் நகரத்துத் தொழிலாளி எந்திரத்திடம் தோற்றார். நம் ஊர்த் தொழிலாளி எந்திரத்தின் பக்கத்திலேயே விடப்படவில்லை.

ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் கவலை வால் தைத்தவர்கள், செருப்பு தைத்தவர்கள் யாராவது இன்றும் இருந்தால் போய்ப் பாருங்கள். அவர்களுடைய ஒவ்வொரு கருவிக்கும் என்ன பெயர், ஒவ்வொரு வெட்டுக்கும் என்ன பெயர் என்று கேட்டு எழுதி வையுங்கள், கருவிகளைப் படமும் எடுத்து வையுங்கள். அந்தச் சொற்கள் எந்த அகராதியிலும் முழுதாக ஏறவில்லை. சொல்லத் தெரிந்தவர்களில் பலர் முதியவர்கள்.