பெயர் எழுதப்படாத வீரர்கள்

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர், மும்பையின் தென்கோடியாகிய கொலாபாவுக்குச் செல்லுங்கால், அங்கே உயர்ந்து நிற்கும் கூர்ங்கோபுரம் ஒன்றைக் கண்டிருப்பர். அது நற்செய்தியாளர் யோவானின் பெயரால் அமைந்த தேவாலயம். ஊரார் அதனை ஆப்கன் தேவாலயம் என்றே வழங்குவர். அப்பெயரின் பின்னே ஒரு துயர வரலாறு உண்டு.

ரஷ்யாவின் செல்வாக்கு இந்திய எல்லையை நெருங்கிவிடும் என்று அஞ்சிய ஆங்கில ஆட்சியினர், 1838இல் ஆப்கானிஸ்தானத்தின்மீது படையெடுத்தனர். அடுத்த ஆண்டே காபூல் வீழ்ந்தது. ஆயினும் 1841 இறுதியில் அந்நகரத்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1842 ஜனவரியில் ஏறத்தாழ 4,500 வீரரும் 12,000 ஏவலாளரும் பெண்டு பிள்ளைகளும் பனி மூடிய கணவாய்களின் வழியே ஜலாலாபாத் நோக்கிப் பின்வாங்கினர். வீரருள் ஐரோப்பியர் ஏறத்தாழ 700 பேரே. ஏனையோர் இந்தியச் சிப்பாய்கள். குளிரும் பசியும் வாளும் அவர்களை மாய்த்தன. ஜனவரி 13ஆம் நாள் கோட்டையை அடைந்த ஐரோப்பியர், பிரைடன் என்னும் மருத்துவர் ஒருவரே. சிறைப்பட்டோர் சிலரும் சிப்பாய்கள் சிலரும் பின்னர் மீண்டனர்.

இப்போரிலும் சிந்துப் போரிலும் மாண்டோரின் நினைவாக எழுந்த அவ்வாலயம் 1858இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் திருப்பீடப் பகுதிச் சுவர்களில் அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சாதாரண வீரர்களோ எழுதி முடியாத அளவுக்குப் பலர் என்று மட்டும் அங்குள்ள கல்வெட்டு கூறுகின்றது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பான் என்பதைச் சொல்லும் நூல், அவ்வாலயத்திற்குப் பெயர் தந்த யோவானின் நற்செய்தியே. கணக்கில் அடங்காதோர் என மனிதர் ஒதுக்கியவரையும் இறைவன் தனித்தனியே அறிவான் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. அச்சிப்பாய்களுள் மிகப் பலர் இந்துக்களும் முஸ்லிம்களுமாவர். அவர்களும் இறைவனின் சாயல் பெற்றவரே. வீழ்ந்த வீரனின் பெயரை நடுகல்லில் பொறித்த நம் தமிழ் முன்னோரும் இந்த உண்மையை ஒருவாறு உணர்ந்திருந்தனர்.

முதல் உலகப்போரின்போது, 1917இல், போர்க் கல்லறை ஆணையம் ஒன்று நிறுவப்பெற்றது. அதிகாரிக்கும் சாதாரண வீரனுக்கும் ஒரே வகைக் கல் என்பது அதன் நெறி. அப்போரில் கடலே கல்லறையாகப் பெற்ற 2,000க்கும் மேற்பட்ட மாலுமிகளுக்கு மும்பையின் மஸ்ஜித் பந்தரில் நினைவகம் உண்டு. எனினும், ஆப்பிரிக்க, ஆசிய வீரர் பல்லாயிரவரின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படாமல் விடுபட்டன என்று அவ்வாணையமே 2021இல் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது.

ஆப்கன் போர் நீதியான போர் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. போரைப் புகழாமலே வீழ்ந்தவரை மதிக்கலாம். லாசருவின் கல்லறையருகே இயேசு முதலில் கண்ணீர் விட்டார். பின்னரே அவனைப் பெயர் சொல்லி அழைத்தார். நினைவுகூர்தலின் முறை அதுவே. படைக்குச் சென்று மீளாத முன்னோர் நம் இல்லங்களில் எவரேனும் இருப்பின், அவர் பெயரையும் ஊரையும் முதியோரிடம் கேட்டு எழுதி வைப்போம். அவர்கள் பெயரற்றவராய் மறைந்துபோகாமல் காக்க நம்மால் இயன்ற கடமை அது.